விதி ஐந்தாவது காரணம்

2004 ஏப்ரல் 17 அன்று பெங்களூரு ஜக்கூர் விமானத் தளத்திலிருந்து மேலெழும்பிய செஸ்னா 180 ரகச் சிறு விமானம், கொஞ்ச தூரம்கூடப் போகாமல் பக்கத்து வேளாண் பல்கலைக்கழக வளாகத்தில் விழுந்து எரிந்தது. தேர்தல் பிரசாரத்துக்காகக் கரீம்நகர் கிளம்பிய நடிகை சௌந்தர்யா, அவருடைய சகோதரர், விமானி, உடன் சென்ற ஒருவர் என நால்வரும் இறந்தார்கள். ‘படையப்பா’வில் பழகிய முகம் என்பதால் தமிழர்களுக்கும் அது வீட்டுத் துக்கம்போலவே இருந்தது. ‘விதி முடிந்துவிட்டது’ என்றார்கள். ஜாதகத்திலேயே இருந்ததாம் என்ற கதை இன்றும் சுற்றுகிறது. சமய நம்பிக்கை உள்ளவர்கள் இதற்கு மேல் கேட்க ஒன்றுமில்லையா? உண்டு என்கிறது நம் சமய மரபே.

எந்தச் செயலும் நடந்தேற ஐந்து காரணங்கள் வேண்டும் என்கிறது கீதையின் 18ஆம் அத்தியாயம். இடம், செய்பவர், கருவிகள், பலவகை முயற்சிகள் என்று நான்கை எண்ணிவிட்டு, ஐந்தாவதாகத்தான் தெய்வத்தைச் சொல்கிறது. சிறு விமானம் ஒன்று கிளம்பும் நேரத்தை இந்தக் கணக்கில் வைத்துப் பார்க்கலாம். தரையை விட்ட சில நொடிகளில் அதற்கு வேகமும் குறைவு, உயரமும் குறைவு. அந்த நேரத்தில் மூக்கை அளவுக்கு மீறித் தூக்கினால், இறக்கையைத் தழுவி ஓடும் காற்று பிரிந்து, தாங்கும் விசை போய்விடும். மேலே பறக்கும்போது இது நேர்ந்தால் மூக்கைத் தாழ்த்தி வேகத்தை மீட்கலாம். 100 அடியில் அதற்கு இடமே இல்லை. சித்திரை வெயிலில் காற்று மெலியும். ஏற்றிய எடை கூடினால் ஆபத்தும் கூடும். ஓடுபாதை, விமானி, இன்ஜின், முந்தைய நாள் பராமரிப்பு என்று விபத்து விசாரணை தேடிப் போவதெல்லாம் அந்த முதல் நான்கு காரணங்களைத்தான். எடுத்த எடுப்பில் விதி என்பவர் நான்கு படிகளைத் தாண்டிக் குதிக்கிறார்.

ஐந்தாவது என்றால் கடைசி என்று பொருளா, இராமாநுசர் அதை உள்ளுறையும் இறைவன் என்று சொல்லி முதன்மையே தருகிறாரே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் அவரே, உயிரின் முயற்சியைப் பார்த்துத்தான் இறைவன் இசைவு தருகிறான் என்கிறார். பெரும்பாறையைப் பலர் கூடி நகர்த்தும்போது ஒவ்வொருவருக்கும் பொறுப்பு உண்டு என்றும் விளக்குகிறார். இறைவன் உள்ளே இருப்பதால் மெக்கானிக்கின் பொறுப்பு ஒரு துளியும் குறைவதில்லை.

துக்க வீட்டில் விதி என்ற சொல்தானே மருந்து, அதையும் பிடுங்குவதா என்பது இன்னொரு மறுப்பு. இழந்தவர் தம் நெஞ்சை ஆற்றிக்கொள்ள அதைச் சொன்னால் மறுக்க யாருக்கும் உரிமையில்லை. பொறுப்பில் இருப்பவர் சொல்லும்போதுதான் அது தப்பிக்கும் வழியாகிறது. ‘முன்வினை’ என்று சேர்த்துச் சொன்னாலோ, இறந்தவரையே குற்றவாளியாக்குகிறது. 1910இல் புதுச்சேரிக்கு வந்த ஸ்ரீ அரவிந்தர், இங்கிருந்து நடத்திய ‘ஆர்யா’ இதழில் மறுபிறப்பை ஏற்றுக்கொண்டே எழுதினார். ஆனால் கர்மத்தை நீதிமன்றத் தண்டனைபோல் எண்ணுவதை அவர் ஏற்கவில்லை.

2025 ஜூன் 12 அன்று அகமதாபாத்தில் கிளம்பியவுடன் விழுந்த ஏர் இந்தியா விமானத்தில் 242 பேரில் ஒருவர் மட்டும் பிழைத்தார். இது தெய்வச் செயல் இல்லையா என்பார்கள். அவரைத் தெய்வம் காத்தது என்றால் மற்ற 241 பேரை ஏன் கைவிட்டது என்ற கேள்விக்கு யாரிடமும் பதில் இல்லை. அறிய முடியாத அந்த மிச்சம்தான் ஐந்தாவது காரணம். அதன் முன் தலை வணங்கலாம். அறியக்கூடிய நான்கையும் அதற்குள் போட்டு மூடக் கூடாது.

புதுச்சேரி மணக்குள விநாயகர் கோயிலில் புது வண்டிக்குப் பூசை போட்டு, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்குகிறோம். அந்த வழிபாட்டில் குறையில்லை. அதே கையால் பிரேக்கையும் சரிபார்ப்பதுதான் அதை முழுமையாக்கும். ஊழின் வலிமையை ஓர் அதிகாரம் முழுக்கப் பேசிய வள்ளுவரே, ஆள்வினையுடைமைக்கும் ஓர் அதிகாரம் ஒதுக்கினார். அடுத்த விபத்துச் செய்தி வரும்போது முதல் நான்கு கேள்விகளையும் கேட்டு முடிப்போம். அதுவரை விதியின் பெயரை எடுக்க வேண்டாம்.