தாயையும் சேயையும் பிரிக்காதீர்



இறைவன் தம் அன்பின் ஆழத்தை எசாயா இறைவாக்கினர் வாயிலாக உணர்த்தியபோது, பாலூட்டும் தாயையே உவமையாகக் காட்டினார். அந்தத் தாயும் மறக்கக்கூடும் என்பதை அவ்வாக்கு மறைக்கவில்லை. தாய் எவ்வாறு மறக்கிறாள்? அவளுக்கு நினைவு திரும்ப வழி உண்டா?

ஹெரோயின், மோர்பீன், ஃபென்டனில் முதலிய அபின் இனத்துப் பொருட்கள், நம்மவர் பலர் குடியேறி வாழும் கனடாவிலும், அதன் அயல் நாடான அமெரிக்காவிலும் எண்ணற்ற குடும்பங்களைக் குலைத்துள்ளன. வலிக்கென்று வைத்தியர் எழுதிக் கொடுத்த மாத்திரையில் தொடங்கி வழுக்கி விழுந்தோரும் பலர். இப்போதைக்கு அடிமையான பெண் கருவுற்றால், "இவளும் ஒரு தாயா?" என்று உலகம் கேட்கிறது.

தாய்மை பெண்ணின் மூளையையே மாற்றியமைக்கிறது. முதற்பிள்ளை பெற்ற தாய்மாரின் மூளையில் நேர்ந்த மாற்றங்கள் இரண்டு வருடங்களின் பின்னும் நிலைத்திருந்ததாக 2016இல் வெளியான ஆய்வொன்று காட்டியது. பிள்ளையின் முகமும் அழுகையும், மூளையில் இன்பத்தையும் நாட்டத்தையும் எழுப்பும் பாதையைத் தூண்டுகின்றன. அதனாலேயே தாய் நடுச்சாமத்திலும் சலியாது எழும்புகிறாள். போதைப்பொருள் கைப்பற்றுவதும் இதே பாதையைத்தான். பிள்ளைக்குரிய ஆசனத்தில் அது ஏறி அமர்ந்துவிடுகிறது. தாயன்பு செத்துவிடவில்லை, அதன் வழி அடைபட்டுக் கிடக்கிறது.

"மனவுறுதி இருந்தால் விட்டுவிடலாமே" என்போம். கர்ப்பிணி திடீரென நிறுத்தினால் கருவிலுள்ள சிசுவும் சேர்ந்து துன்புறும். அவள் மீண்டும் போதையில் வீழும் அபாயமும் பெரிது. 1964இல் நியூயோர்க்கின் றொக்பெல்லர் நிறுவனத்தில் வின்சன்ட் டோல், மேரி நைஸ்வாண்டர், மேரி ஜீன் கிரீக் ஆகியோர் வேறு வழி கண்டனர். மெதடோன் என்னும் மருந்தை நாளுக்கொரு முறை அளவாகக் கொடுத்தால், ஏக்கமும் நடுக்கமும் அடங்கி, மனிதன் தன் கடமைகளுக்குத் திரும்புகிறான். 2005இல் உலக சுகாதார நிறுவனம் மெதடோனையும் புப்ரெனோர்பினையும் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. கர்ப்பிணிகளுக்கும் இவையே பரிந்துரைக்கப்படுகின்றன.

"ஒரு போதைக்குப் பதில் இன்னொரு போதை தானே?" என்று கேட்பீர்கள். மரத்தை அதன் கனியால் அறியும்படி ஆண்டவர் கற்பித்தார். நேற்று போதை தேடித் தெருவில் அலைந்தவள், இன்று பிள்ளையின் அழுகைக்கு எழும்புகிறாள். இந்தக் கனியைப் பாருங்கள்.

தாய் மருந்தெடுத்தாலும், பிறந்த சிசுவுக்கு நடுக்கமும், கீச்சிட்ட அழுகையும், பாலுண்ண முடியாமையும் வரலாம். அதற்கும் வைத்தியம் உண்டு. முன்னர் இத்தகைய சிசுக்களைத் தனி அறைக்குக் கொண்டுபோய், குறிகளுக்குப் புள்ளியிட்டு, மோர்பீன் கொடுத்தனர். இப்போது, பிள்ளை பால் குடிக்கிறதா, உறங்குகிறதா, தேற்றினால் தேறுகிறதா என்றே முதலில் பார்க்கின்றனர். மங்கிய வெளிச்சம், அமைதி, தாயின் அணைப்பு ஆகியவையே முதல் மருந்து. அமெரிக்காவின் 26 வைத்தியசாலைகளில் 1305 சிசுக்களிடையே நடந்து, 2023இல் வெளியான ஆய்வில், பழைய முறையில் வீடு செல்லத் தகுதிபெறச் சராசரி 14.9 நாட்கள் ஆயின. புதிய முறையில் 8.2 நாட்களே. முன்னையதில் நூற்றுக்கு 52 சிசுக்களுக்கு மருந்து தேவைப்பட்டது. பின்னையதில் 20க்கும் குறைவானவற்றிற்கே. சிகிச்சையில் நிலைத்து, வேறு போதையைத் தொடாத தாய், வைத்தியரின் ஆலோசனைப்படி தாய்ப்பாலும் ஊட்டலாம்.

பிள்ளைக்கு ஆபத்து இருக்கும் இடத்தில் காவல் வேண்டும் என்பதை மறுக்கவில்லை. ஆனால் தண்டனைக்குப் பயந்து சிகிச்சைக்கே வராமல் தாய் ஒளித்துக்கொண்டால், பிள்ளைக்கு யார் காவல்?

நல்ல சமாரியன், வழியில் விழுந்து கிடந்தவனிடம், "ஏன் இப்பாதையால் வந்தாய்?" என்று விசாரணை நடத்தவில்லை. எண்ணெய் வார்த்தான், காயம் கட்டினான், சத்திரத்தில் சேர்த்தான், செலவுக்குப் பணம் கொடுத்து, திரும்பி வருவதாகவும் சொன்னான். ஒரு நாளில் முடியாத வைத்தியத்துக்கு, ஒரு நாளில் முடியாத அன்பு வேண்டும்.

நம் நாட்டிலும் ஹெரோயின் புகுந்த வீடுகள் உண்டு. அவ்வீட்டுப் பெண்ணைப் பற்றி வேலிக்கு மேலால் கதைக்கும் முன் சிந்தியுங்கள். "செபித்தால் போதும், மருந்தை விடு" என்று ஒருபோதும் சொல்லாதீர்கள். செபமும் மருந்தும் பகையல்ல. தாய்மாரே, அவளை வைத்தியரிடம் அழைத்துச் செல்லுங்கள். அவள் சற்று உறங்க, பிள்ளையைக் கையில் வாங்குங்கள். பின்னர் அவள் மடியிலேயே திருப்பிக் கொடுங்கள்.

தாய் மறந்தாலும் மறவாத இறைவன், மறந்த தாய்க்கும் நினைவைத் திருப்பித் தருவாராக.