திறக்கப் போராடியோர் தடுக்கச் சொல்லலாமா?

வைக்கத்திலே 1924ஆம் ஆண்டு ஒரு கிளர்ச்சி மூண்டது. கோயிலைச் சுற்றியிருந்த தெருக்களிலே நாய் நடக்கலாம், பன்றி நடக்கலாம். ஒதுக்கப்பட்ட சாதியிலே பிறந்த மனிதன் மட்டும் நடக்கலாகாது என்றிருந்த கொடுமையை எதிர்த்து எழுந்த கிளர்ச்சி! ஈரோட்டிலிருந்து சென்றார் பெரியார். இருமுறை சிறை புகுந்தார். பாதை அனைவர்க்கும் பொது என்பது, நம் இயக்கம் பிறக்குமுன்பே நமக்குக் கிடைத்த பாடம்.

அந்த ஈரோட்டின் பெயர் தாங்கிய மாவட்டத்திலே, சத்தியமங்கலத்திலிருந்து மைசூர்ப் பக்கம் ஏறுகிறது திம்பம் மலைப்பாதை. 27 கொண்டை ஊசி வளைவுகள், இருமருங்கும் பழங்காடு, 2013 முதல் அது புலிகள் காப்பகம். இப்பாதையில் இரவுப் போக்குவரத்தைக் கட்டுப்படுத்துக, பேரெடை லாரிகளைத் தடுத்திடுக என்று குரல் எழுப்புவோர் பக்கம் நாமும் நிற்கிறோம். நண்பர் சிலர் நகைக்கின்றனர். "தெருவைத் திறக்கச் சொன்ன கூட்டம் பாதையைப் பூட்டச் சொல்கிறதே! மனிதனை நினை என்று கூறிவிட்டு மானுக்காக மன்றாடுகிறீரே!" என்கின்றனர். கேட்கவேண்டிய கேள்விதான். நழுவாமல் விடையளிப்பது பகுத்தறிவாளன் கடமை.

வைக்கத்துத் தடை எதைக் கேட்டது? "நீ யார் வயிற்றில் பிறந்தாய்?" என்று கேட்டது. எவ்வளவு நல்லவனாக நடந்தாலும் எவனும் அந்தக் கேள்விக்குரிய விடையை மாற்றிக்கொள்ள முடியாது. திம்பத்துத் தடை எதைக் கேட்கிறது? "வண்டியின் எடை என்ன? இப்போது மணி என்ன?" என்று கேட்கிறது. இக்கேள்விக்கு முன் சீமானும் ஏழையும் ஒன்று, எச்சாதியானும் ஒன்று. பிறப்பைக் கேட்டு மறிப்பது ஆதிக்கம். விளைவைக் கேட்டு மறிப்பது ஒழுங்கு.

விளைவு யாது? இரவு, விலங்குகள் இரைக்கும் நீருக்கும் பாதையைக் கடக்கும் வேளை. விளக்கொளி கண்ணைப் பறிக்க, மான் திகைத்து நிற்கிறது. சரிவில் இறங்கும் லாரி நினைத்த இடத்தில் நிற்க முடிவதில்லை. கரும்பு லாரிகளின் வாடைக்குப் பழகிய யானைகள் பாதையோரமே காத்து நிற்கின்றன. நீண்ட லாரி ஒன்று வளைவிலே சிக்கிவிட்டால் மேலும் கீழும் மணிக்கணக்கில் வண்டிகள் தேங்குகின்றன. அந்த வரிசையிலே நோயாளியும் உண்டு!

மலையேறுமுன் பண்ணாரியில் வண்டியை நிறுத்திக் கும்பிட்டுச் செல்கின்றனர். கற்பூரம் கொண்டை ஊசியை நிமிர்த்தியதுண்டா? எலுமிச்சம்பழம் பிரேக்கைப் பழுது பார்த்ததுண்டா? காட்டையும் பயணியையும் காப்பது, அறிந்த மனிதன் தன் வேகத்தைத் தானே அடக்கும் அடக்கம்.

மனிதனை மறந்தா பேசுகிறோம்? அக்காட்டினூடே வரும் மோயாறு, பவானிசாகரில் பவானியோடு கலக்கிறது. அந்த நீர்தான் கீழ்பவானி வயல்களில் நெல்லாகிறது. காடு கெட்டால் கலயம் காயும்.

ஆயினும், தடை என்ற உடனே கைதட்டிவிடலாகாது. 2019 ஜனவரியில் மாவட்ட ஆட்சியர் பிறப்பித்த ஆணை, மூன்றாண்டுகள் ஏட்டிலே உறங்கியது. உயர்நீதிமன்றம் தட்டி எழுப்பியபின், 2022 பிப்ரவரி 10 முதல் சரக்கு வண்டிகளுக்கு மாலை 6 முதல் காலை 6 வரையும், மற்ற வண்டிகளுக்கு இரவு 9 முதல் காலை 6 வரையும் தடை வந்தது. தாளவாடி உழவர்கள் கொதித்தெழுந்தனர். அவர்களைக் காட்டின் பகைவர் என்று ஏசுவது எளிது, ஏசுவது தவறு. இரவிலே இறங்கினால்தான் காய்கறி விடியற்காலைச் சந்தைக்குப் போய்ச் சேரும். மாவட்ட மருத்துவமனையும் அலுவலகமும் மலைக்குக் கீழே. தொலைநகர் செல்லும் லாரிக்குச் சுற்றுவழி உண்டு. மலையிலே வாழ்பவனுக்கு?

அந்த ஏப்ரலிலே நீதிமன்றம் உள்ளூர் மக்களுக்கு விலக்களித்தது. பேரெடை வண்டிகள் மீது பிடியை இறுக்கியது. அன்றுதான் அந்தத் தடை அறமாயிற்று என்போம். "எந்த ஊர் என்று கேட்பதும் பிறப்பைக் கேட்பதுதானே?" என வாதிடலாம். அன்று! "உனக்கு வேறு வழி உண்டா?" என்பதே அக்கேள்வியின் பொருள். வழியற்றவனுக்கு வழிவிடுவது சலுகையன்று, நீதி.

இளைஞர்களே! காட்டுக்காகக் கையெழுத்துத் திரட்டுங்கள். திரட்டுமுன் தாளவாடிக்குச் சென்று உழவன் திண்ணையில் அமர்ந்து, அவன் சொல்வதையும் கேளுங்கள். மனுப்போட முடியாத விலங்குக்காக மனுப்போடுவோர், மனுப்போட்டும் கேட்பாரற்ற மனிதனை மறக்கலாமா? எந்தத் தடையைக் கண்டாலும் கேளுங்கள்: இது பிறப்பைப் பார்க்கிறதா, விளைவைப் பார்க்கிறதா? இதன் சுமை எவன் தோளில் விழுகிறது? இக்கேள்விகளுக்கு நேர்மையான விடை கிடைத்தபின், வைக்கத்துத் தெருவைத் திறந்த அதே நியாயம் கொண்டு, திம்பத்திலே பேரெடை லாரியை நிறுத்துவோம்.