சட்டத்துக்கு வெளியே

ஆகஸ்ட் 12, 13 இரவுகளில் பெர்சியட் விண்கல் மழை உச்சம் தொடும். ஜோர்டானின் வாடி ரம் பாலைவனத்தில் அதைப் படமெடுப்பவர்கள் கேமராவை முக்காலியில் பூட்டி, 20 விநாடிக்கு ஒரு படமென விடியும்வரை ஓடவிடுவார்கள். குவியும் படங்களில் விண்கல் சிக்கியவை சிலவே. ஷட்டரை இன்னும் நீட்டித் திறந்தாலும் அந்தக் கோடு பிரகாசமாகாது. விநாடிக்கு 59 கி.மீ. வேகத்தில் பாய்வதற்கு அந்த அவகாசம் தேவையே இல்லை. அகலத் திறந்த லென்ஸும் உயர்ந்த ஐ.எஸ்.ஓ.வும்தான் கைகொடுக்கும். எரிவதோ, பெரும்பாலும் மணல் பருமனுள்ள துகள்! 133 ஆண்டுகளுக்கொரு முறை சூரியனைச் சுற்றிவரும் ஸ்விஃப்ட்-டட்டில் வால்நட்சத்திரம் உதிர்த்த தூசு. அதற்காக இரவெல்லாம் கண்விழிப்பவர்களை மனதார மதிக்கிறேன். ஒரே வேண்டுகோள்: கேமரா தன் வேலையைப் பார்க்கட்டும், நீங்கள் மல்லாந்து படுத்து வானம் முழுவதையும் பாருங்கள். படத்தின் சட்டத்துக்கு வெளியே விழுபவைதான் அதிகம்.