இரண்டாம் முறை கத்தி வைப்பது தகுமா?



உடம்பில் கெட்ட கட்டி ஒன்று இருக்கிறது, அதை எடுத்துவிட வேண்டும் என்று டாக்டர் சொன்னால் ஒத்துக்கொள்வது அவ்வளவு கடினமன்று. கட்டி கண்ணுக்குத் தெரிகிறது, கைக்குத் தட்டுப்படுகிறது. ஆனால் கட்டியை எடுத்தாயிற்று, புண்ணும் ஆறி வருகிறது என்றிருக்கும்போது, "அதே இடத்தைச் சுற்றி இன்னும் கொஞ்சம் வெட்டியெடுக்க வேண்டும்; அங்கே ஏதாவது மிஞ்சியிருக்கிறதா இல்லையா என்று இப்போது சொல்ல முடியாது" என்று அவர் சொன்னால் என்ன செய்வது? இருப்பதே நிச்சயமில்லாத ஒன்றுக்காக நல்ல சதையை அறுக்கக் கொடுப்பது தகுமா? இது வைத்தியத்தைப் பற்றிய கேள்வி மட்டுமன்று. மனச்சாட்சியைப் பற்றிய கேள்வியுமாகும்.

மெலனோமா என்னும் தோல் புற்றுநோய் கண்டவர்களில் பெரும்பாலோர் இக்கேள்வியைச் சந்திக்கிறார்கள். ஆகையால் அந்த நோயையே எடுத்துக்கொண்டு ஆராய்வோம்.

நோய் இன்னதென்பது

தோலுக்குக் கறுப்பு நிறம் தரும் உயிரணுக்களில் தோன்றும் புற்று இது. வெள்ளை நிறத்தாருக்கே மிகுதியாய் வரும். நம்மைப் போன்ற நிறத்தாருக்கு அரிது. வந்தாலோ பெரும்பாலும் உள்ளங்காலிலும், உள்ளங்கையிலும், நகத்தின் அடியிலும் வரும். அதனால்தான் கால் ஆணி என்றும், முள் குத்தி இரத்தம் கட்டியது என்றும், நகச்சுற்று என்றும் எண்ணி நம்மவர்கள் மாதக்கணக்கில் விட்டுவிடுகிறார்கள். சிலர் சுண்ணாம்பு வைத்துச் சுட்டும் பார்க்கிறார்கள். இது பெருந்தவறு. சுட்டுவிட்ட இடத்தில் நோய் எவ்வளவு ஆழம் போயிருந்தது என்பதைப் பிறகு அளக்க முடியாமற் போகலாம்.

அந்த ஆழம்தான் முக்கியம். வயல் வேலை செய்யும் ஒரு குடும்பத் தலைவருக்கு உள்ளங்காலில் கறுப்புப் புள்ளி ஒன்று பெரிதாகி, கசிகிறதென்று வைத்துக்கொள்வோம். டாக்டர் முதலில் அதை முழுவதுமாகவோ, அதில் ஒரு துண்டையோ எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்புகிறார். பரிசோதிப்பவர் அதை உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்து, நோய் தோலுக்குள் எத்தனை மில்லிமீட்டர் இறங்கியிருக்கிறதென்று அளக்கிறார். அமெரிக்க வைத்தியரான அலெக்சாந்தர் பிரெஸ்லோ 1970-இல் எடுத்துக்காட்டிய அளவு இது. இரண்டாம் சிகிச்சை எவ்வளவு பெரிதாயிருக்க வேண்டும் என்பதை இந்த அளவே பெரிதும் தீர்மானிக்கிறது.

இரண்டாம் சிகிச்சையில் நடப்பது

நோய் 1 மில்லிமீட்டருக்கு உட்பட்டதானால், புள்ளி இருந்த இடத்தைச் சுற்றி 1 சென்டிமீட்டர் நல்ல தோலையும் சேர்த்து, அடியிலுள்ள கொழுப்புவரை எடுப்பார்கள். 2 மில்லிமீட்டருக்கு மேற்பட்டதானால் 2 சென்டிமீட்டர். இடைப்பட்டதானால் இரண்டுக்கும் நடுவே. நகத்தின் அடியில் வந்த நோய்க்கு விரலின் ஒரு பகுதியையே எடுக்க நேரிடலாம்.

நோய் சற்று ஆழமாயிருந்தால், அதே வேளையில் இன்னொரு பரிசோதனையும் செய்வதுண்டு. காலில் புண் வந்தால் தொடையிடுக்கில் நெறி கட்டுகிறது அல்லவா? அங்கே வீங்குவது நிணநீர்க் கணு. காலிலிருந்து நோய் புறப்பட்டால் சாதாரணமாய் முதலில் தங்குமிடம் அதுவே. கதிரியக்க மருந்தையும் பல வேளைகளில் நீலச் சாயத்தையும் புள்ளி இருந்த இடத்தில் ஊசியால் ஏற்றி, அவை முதலில் போய்ச் சேரும் கணுவைக் கண்டு, அதை மட்டும் எடுத்துப் பார்க்கிறார்கள். இம்முறையை அமெரிக்காவில் டொனால்ட் மோர்ட்டன் என்பவரும் அவருடைய துணைவர்களும் 1992-இல் வெளியிட்டார்கள். சாயம் ஏற்றிய பின் ஓரிரு நாள் சிறுநீர் நீலமாகவோ பச்சையாகவோ போகலாம், பயப்பட வேண்டியதில்லை.

முதுகிலோ தொடையிலோ ஆனால் தோலை இழுத்துத் தைத்துவிடலாம். உள்ளங்காலில் அப்படி இழுக்கத் தோல் போதாது. பல வேளைகளில் தொடையிலிருந்து மெல்லிய தோலை எடுத்து ஒட்டுவார்கள். அப்போது புண் ஒன்றல்ல, இரண்டு. தோல் எடுத்த இடமே அதிகமாய் எரியும் என்பதை முன்னதாகவே அறிந்திருப்பது நல்லது. சில வாரங்கள் அந்தக் காலை ஊன்றக்கூடாது. உட்காரும்போது உயர்த்தி வைக்க வேண்டும். கணு எடுத்த இடத்தில் நீர் கோர்க்கலாம். சுற்றிலும் மரத்துப் போகலாம். சிலருக்குக் கால் வீங்கலாம். சீழ், காய்ச்சல், பரவும் சிவப்பு கண்டால் உடனே ஆஸ்பத்திரிக்குத் திரும்ப வேண்டும். பரிசோதனை முடிவு வர ஒரு வாரமோ, இரண்டு வாரமோ, அதற்கு மேலோ ஆகும். நோயாளிகளுக்கு வலியைவிட இந்தக் காத்திருப்பே பெரும் பாரமாயிருக்கிறது.

இனி, நம்மவர்கள் எழுப்பும் ஆட்சேபங்களைப் பார்ப்போம்.

முதல் ஆட்சேபம்: "கத்தி பட்டால் புற்று பரவும்."

இது ஊரெங்கும் வழங்கும் சொல். ஆனால் உண்மையன்று. முறைப்படி செய்யும் சிகிச்சையால் இந்நோய் பரவுவதில்லை. நோய் ஏற்கெனவே பரவிய பின் ஆஸ்பத்திரிக்குப் போனவர் இறந்தால், ஊரார் பழியைக் கத்தியின் மேல் போடுகிறார்கள். தாமதத்தின் மேல் போட வேண்டிய பழி அது.

இரண்டாம் ஆட்சேபம்: "முதலிலேயே எல்லாம் எடுத்தாயிற்றே. மறுபடியும் ஏன்? பணத்துக்காகவா?"

கண்ணுக்குத் தெரிந்ததையே முதலில் எடுத்தார்கள். இந்நோயின் சில அணுக்கள் புள்ளியை விட்டு விலகிப் பக்கத்துத் தோலில் தங்கியிருக்கக்கூடும். எவ்வளவு அகலம் எடுக்க வேண்டும் என்பதையும் டாக்டர்கள் மனம்போன போக்கில் தீர்மானிப்பதில்லை. இங்கிலாந்தில் சாம்ப்சன் ஹேண்ட்லி என்பவர் 1907-இல் அகலமாய் வெட்ட வேண்டுமென்று போதித்தார். பல பத்தாண்டுகள் சுற்றிலும் 5 சென்டிமீட்டர் வெட்டினார்கள். பின்னர், இத்தாலியில் வெரோனேசி என்பவரின் தலைமையில் நடந்த ஆராய்ச்சி 1988-இல் வெளிவந்தது. 2 மில்லிமீட்டருக்கு மேற்படாத நோய்க்கு 1 சென்டிமீட்டர் வெட்டியவர்களும் 3 சென்டிமீட்டர் வெட்டியவர்களும் ஒரே அளவாய் உயிர் பிழைத்தார்கள் என்று அது காட்டியது. முதற் கணுவில் நோய் கண்டால் அங்குள்ள கணுக்களை எல்லாம் எடுப்பதும் முன்னாள் வழக்கம். அப்படி எடுப்பதால் ஆயுள் கூடுவதில்லை, அல்ட்ராசவுண்ட் வைத்துக் கவனித்து வந்தால் போதும் என்று 2017-இல் இன்னோர் ஆராய்ச்சி காட்டியது. ஆகவே வைத்திய சாஸ்திரம் வரவரக் குறைத்தே வெட்டுகிறது. அவ்வளவு குறைத்த பின்னும் இந்த 1 அல்லது 2 சென்டிமீட்டரை மட்டும் விட்டுவிடவில்லை என்றால், அதற்குக் காரணம் இருக்க வேண்டும் அன்றோ?

மூன்றாம் ஆட்சேபம்: "வெட்டியெடுத்த சதையில் ஒன்றுமே இல்லையென்று ரிப்போர்ட் வந்தால், பட்ட பாடெல்லாம் வீண்தானே?"

இதுவே எல்லாவற்றிலும் முக்கியமான ஆட்சேபம். முதலில் புள்ளி முழுவதையும் எடுத்தவர்களுக்குப் பல வேளைகளில் ரிப்போர்ட் அப்படித்தான் வருகிறது. உடனே வீட்டார், "ஐயோ, வீணாக வெட்டிக்கொண்டோமே" என்கிறார்கள்.

இங்கே ஒரு தவறு ஒளிந்திருக்கிறது. ஒரு செயல் நல்லதா கெட்டதா என்பதைப் பின்னால் வந்த பலனைக்கொண்டு நிர்ணயிக்கிறோம். ஆனால் மனிதன் தீர்மானம் செய்வது பலன் தெரிவதற்கு முன்பு. தலையான புண்ணியங்கள் நான்கில் விவேகத்தை முதலாவதாக வைத்த அர்ச். தோமையார், செய்யத்தக்க காரியங்களில் நேராய்ச் செல்லும் அறிவே விவேகம் என்று போதித்தார். மனிதக் காரியங்களில் முழு நிச்சயம் கிடையாது என்பதையும் அவர் அறிந்திருந்தார். கிடைக்கக்கூடிய அறிவை எல்லாம் தேடி, தக்கவர்களைக் கேட்டு, அதன்படி செய்தவன் விவேகமாய்ச் செய்தவனே. முடிவு எப்படி வந்தாலும் அது மாறாது. இரவில் கதவைத் தாழிட்டுப் படுக்கிறோம். திருடன் வரவில்லை என்பதற்காக, காலையில் எழுந்து தாழிட்டது வீண் என்று சொல்வாருண்டோ?

இதன் மறுபக்கமும் உண்மை. எல்லாம் முறைப்படி செய்தும் சிலருக்கு நோய் திரும்ப வருகிறது. அப்போது, "வேறு ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கலாமே, நாம்தான் கெடுத்துவிட்டோம்" என்று மனைவியோ மகனோ தங்களைத் தாங்களே தண்டித்துக்கொள்கிறார்கள். சுத்தமான ரிப்போர்ட் வந்ததால் சிகிச்சை வீணாகிவிடாதது போலவே, நோய் திரும்பியதால் நீங்கள் குற்றவாளிகள் ஆகிவிடுவதுமில்லை. அன்று தெரிந்ததைக்கொண்டே அன்றைய தீர்மானத்தை நிறுக்க வேண்டும்.

நான்காம் ஆட்சேபம்: "உழைக்கிற காலை வெட்டக் கொடுத்துவிட்டுக் குடும்பம் என்ன சாப்பிடும்?"

இது கோழையின் பேச்சன்று. பொறுப்புள்ளவனின் பேச்சு. 1957 நவம்பர் 24-ஆம் நாள், மயக்க மருந்து கொடுக்கும் வைத்தியர்களுக்கு உரையாற்றிய பன்னிரண்டாம் பத்திநாதர் பாப்பரசர், உயிரைக் காக்கச் சாதாரண வழிகளைக் கையாளும் கடமை நமக்குண்டு என்றும், தனக்கும் பிறர்க்கும் மிகுந்த பாரமாகும் வழிகளுக்குக் கடமையில்லை என்றும் போதித்தார். எது பாரம் என்பது ஆளுக்கும் இடத்துக்கும் காலத்துக்கும் ஏற்ப மாறும். சில வாரங்கள் வேலையிழப்பது கஷ்டமே. ஆயினும் பிழைக்கக்கூடிய நிலையில் இருப்பவனுக்கு அது சாதாரண வழியைச் சேர்ந்ததென்றே சொல்லலாம். கணுவில் நோய் கண்ட பின் கொடுக்கப்படும் புதிய மருந்துகளின் சங்கதி வேறு. அவற்றால் நோய் திரும்புவது குறைகிறதென்பது மெய்யே. ஆனால் விலை மிக அதிகம். அதை ஏற்க இயலாத குடும்பம் பாவம் செய்வதில்லை. வீட்டை விற்கத் துணியுமுன், அரசாங்கக் காப்பீட்டில் எதற்கெல்லாம் இடமுண்டு என்று ஆஸ்பத்திரியிலேயே கேளுங்கள்.

நோயாளிக்கு மறைக்கலாமா?

"அப்பாவுக்குச் சொல்லாதீர்கள், மனம் உடைந்துவிடுவார்" என்று பிள்ளைகள் டாக்டரிடம் கெஞ்சுவது நம்மிடையே சாதாரணம். அன்பினால்தான் கெஞ்சுகிறார்கள். ஆனால் வெட்டப்படுவது யாருடைய கால்? டாக்டருடைய உரிமை நோயாளி கொடுக்கும் உரிமையே என்று அதே உரையில் பாப்பரசர் விளக்கியிருக்கிறார். ஆறிக்கொண்டிருந்த புண்ணை மறுபடியும் ஏன் வெட்டுகிறார்கள் என்று தெரியாத மனிதர், ஒன்றும் சொல்லாத வீட்டார் முகங்களைப் பார்த்து, உள்ளதைவிடப் பெரிதாய்க் கற்பனை செய்துகொள்வார். மெதுவாய், அவர் கேட்கக் கேட்க, உண்மையைச் சொல்லுங்கள். பொய்யான தைரியம் வேண்டாம். "கண்டுபிடித்து எடுத்துவிட்டார்கள், இனியும் எதுவும் விட்டுப்போகாதபடி பார்க்கிறார்கள், நாங்கள் கூடவே இருக்கிறோம்" என்பது உண்மையும் ஆறுதலுமாகும்.

நோயில் பூசுதல் என்னும் தேவதிரவிய அனுமானம் சாகுந்தறுவாயில் இருப்பவர்களுக்கு மட்டும் உரியதன்று. கடின நோயின் பொருட்டுச் சத்திர சிகிச்சைக்குப் போகிறவரும் அதைக் கேட்டுப் பெறலாம். அப்படிப்பட்டவர் வீட்டிலிருந்தால் முந்தின நாளே கோயிலுக்குச் சொல்லியனுப்புங்கள்.

சிகிச்சை முடிந்தவர்கள், சொன்ன தவணைப்படி டாக்டரிடம் போய்த் தோலையும் நெறிகளையும் காட்டி வர வேண்டும். நன்றாய் இருக்கிறோம் என்று நிறுத்திவிடக்கூடாது. மற்றவர்கள் இன்றிரவு கால் கழுவும்போது உள்ளங்காலை ஒருமுறை திருப்பிப் பாருங்கள். வயதானவர்களுக்குக் குனிந்து பார்க்க முடியாது. அவர்களுடைய காலைப் பிள்ளைகள் பாருங்கள். புதிதாய்த் தோன்றியதோ, பெரிதாகிறதோ, நிறம் மாறுகிறதோ, கசிகிறதோ இருந்தால் சுண்ணாம்பைத் தேடாமல் டாக்டரைத் தேடுங்கள்.

உங்கள் பங்குச் சுவாமியார்