தொல்தவளைகளும் பொதுமை பற்றிய கேள்வியும்

உயிரினத் தொகுதி ஒன்றைக் ‘குடும்பம்’ என்று வகுத்துப் பெயரிடும் அறிஞர்கள், இயற்கையில் முன்பே இருக்கும் ஒன்றைக் கண்டறிந்து பெயரிடுகின்றனரா, அல்லது தம் வசதிக்காகப் பெயரொன்றைப் படைத்து அதைப் பொருள்களின்மேல் ஏற்றுகின்றனரா என்னும் கேள்வி, பொதுமை என்பது உண்மையா வெறும் சொல்லா என்று மெய்யியலார் நெடுங்காலமாக வாதிட்டுவரும் கேள்வியின் ஒரு வடிவமே ஆகும். நியூசிலாந்தின் ஈரக்காடுகளிலும் சிறு தீவுகளிலும் வாழும் லயோபெல்மா என்னும் தவளைப் பேரினமும், வட அமெரிக்காவின் மேற்குப் பகுதி மலையோடைகளில் வாழும் அஸ்காபஸ் என்னும் வால்தவளைப் பேரினமும் இக்கேள்வியை ஆராய மிகவும் ஏற்றவை. அறியப்பட்ட 7,000க்கும் மேற்பட்ட தவளை இனங்களுள் மிகத் தொன்மையானவை என்று பெயர்பெற்ற இவ்விரண்டையும் ஒரே குடும்பமாகக் கொள்வதா, இரு குடும்பங்களாகக் கொள்வதா என்பதில் அறிஞர் கருத்து ஒரு நூற்றாண்டாக மாறிக்கொண்டே வந்திருக்கிறது.

பெருங்கடலின் இரு கரைகளில் வாழும் இவற்றை ஒன்றாக எண்ணத் தூண்டியது உடற்கூறு. பிற தவளைகளுக்கு இடுப்புக்கு முன்னே எட்டோ அதற்குக் குறைவாகவோ முதுகெலும்புத் துண்டுகள் இருக்க, இவற்றுக்கு ஒன்பது உள்ளன. அத்துண்டுகள், மீனின் முதுகெலும்பைப் போல, இருபுறமும் குழிந்தவை. பெரும்பாலான தவளைகள் இழந்துவிட்ட தனி விலா எலும்புகள் இவற்றிடம் எஞ்சியுள்ளன. வாலில்லாத வளர்ந்த உடலிலும் வாலை அசைப்பதற்குரிய தசை இன்னும் இருக்கிறது. செவிப்பறை வெளியே தெரிவதில்லை. துணையை அழைத்துக் கத்தும் வழக்கமும் இல்லை. நீந்தும்போது பின்கால் இரண்டையும் ஒருசேர உதைக்காமல் மாற்றி மாற்றி உதைக்கின்றன. தாவினால் முன்கால்களை ஊன்றி இறங்காமல் வயிறு தரையில் மோத விழுகின்றன.

இச்செய்திகளைக் கேட்டவுடன் ‘பழைய தவளை’, ‘வளர்ச்சி குன்றிய தவளை’ என்ற எண்ணம் எழுவது இயல்பாயினும், அது பிழையான எண்ணம். அஸ்காபஸ் ஆணின் ‘வால்’ உண்மையில் வாலன்று. விரைந்தோடும் நீரில் விந்து அடித்துச் செல்லப்படாமல் பெண்ணின் உடலுக்குள்ளேயே கருவுறச் செய்யும் உறுப்பு அது. அதன் தலைப்பிரட்டை பாறையைக் கவ்விப் பிடிக்கும் உறிஞ்சுவாயை உடையது. லயோபெல்மா ஆர்ச்சி என்னும் இனமோ ஈரக்கல்லின் அடியில் முட்டையிட, ஆண் அவற்றைக் காத்துக் கிடக்கிறது. நீரில் நீந்தும் தலைப்பிரட்டைப் பருவம் இன்றியே வெளிவரும் குஞ்சுகள் தந்தையின் முதுகில் ஏறிக்கொள்கின்றன. இவை யாவும் வேறெந்தத் தவளைக்கும் குறையாத புதுமைகள். ஆகவே பழையது என்ற சொல் பண்புக்குப் பொருந்துமேயன்றி உயிருக்குப் பொருந்தாது: ஒன்பது முதுகெலும்புத் துண்டுகள் பழமைப் பண்பு, அவற்றைச் சுமக்கும் தவளை இன்று வாழும் தவளை. எல்லாத் தவளைகளுக்கும் பொதுவான மூதாதையிடமிருந்து லயோபெல்மா கடந்துவந்த காலமும், நம் வயல் வரப்பில் கத்தும் தவளை கடந்துவந்த காலமும் ஒன்றே. கல்லில் தொடங்கி மனிதனையும் வானவரையும் கடந்து இறைவனில் முடியும் ஓர் ஏணியில் எல்லாப் பொருள்களையும் நிறுத்திப் பார்த்த பழைய ஐரோப்பியச் சமயச் சிந்தனையே, அறிவியல் நூல்களில் ‘கீழ்நிலை உயிர்’ என்ற வழக்காக நெடுநாள் தங்கிவிட்டது. உயர்ந்தது, தாழ்ந்தது என்ற சொற்களை ஆளக்கூடாது என்று டார்வினே தாம் படித்த நூலொன்றின் ஓரத்தில் தமக்குத்தாமே குறித்துவைத்தார் என்பது இங்கு நினைவுகொள்ளத் தக்கது.

தவறு ‘பழைய’ என்ற சொல்லோடு நிற்பதில்லை. அதன்மேல் தொகுதிகளும் எழுப்பப்பட்டன. 1958இல் ரெய்க் என்பவர் பழமைப் பண்புகளை விடாத தவளைகளையெல்லாம் ‘ஆர்க்கியோபட்ராக்கியா’, அதாவது தொல்தவளைகள், என்ற பெயரின்கீழ்ச் சேர்த்தார். ஆயினும் இத்தொகுதியின் உறுப்பினரை இணைப்பது எது என்று கேட்டால், ‘புதுத்தவளைகள்’ என்ற மற்றத் தொகுதியைச் சேராமையே என்பதைத் தவிர உறுதியான விடை இல்லை. ‘பசு’ என்ற சொல் பசுத்தன்மை என்னும் ஒன்றைச் சுட்டுவதில்லை, பசு அல்லாதவற்றை விலக்குவதே அதன் வேலை என்று பௌத்த அறிஞர் திக்நாகர் கூறிய ‘அபோகம்’ என்னும் விலக்கல் கொள்கைக்கு இதைவிடப் பொருத்தமான சான்று கிடைப்பது அரிது. பொதுமூதாதை ஒருவரின் வழித்தோன்றல் அனைவரையும் உள்ளடக்கும் தொகுதியே இயற்கையான தொகுதி என்று 1950இல் வில்லி ஹென்னிக் வகுத்த நெறியின்படி, விலக்கலால் மட்டுமே நிற்கும் தொகுதி தொகுதியாகாது. அதனால் இன்று அப்பெயர் பேச்சு வசதிக்காகவே வழங்குகிறது.

அப்படியானால் லயோபெல்மாவையும் அஸ்காபஸையும் சேர்த்து வகுத்த லயோபெல்மாட்டிடே என்னும் குடும்பமும் அத்தகைய பெயர்தானா? லயோபெல்மாவுக்கு 1861இல் ஃபிட்சிங்கரும், அஸ்காபஸுக்கு 1899இல் ஸ்டெய்னெகரும் பெயரிட்டனர். 1923இல் ஃபெயர்வாரி அஸ்காபஸைத் தனிக் குடும்பமாக்கினார். அமெரிக்க விலங்கியலார் நோபிள் இரண்டையும் சேர்த்தார். அஸ்காபஸ் மற்ற எல்லாத் தவளைகளுக்கும் முன்னரே பிரிந்தது என்றும், லயோபெல்மா அதற்கு அடுத்த கிளை என்றும் 1993இல் கிரீனும் கன்னடெல்லாவும் உடற்கூற்றுச் சான்றுகளைக்கொண்டு வாதிட்டனர். பின்வந்த மரபணு ஆய்வுகள் இரண்டும் உடன்பிறந்த கிளைகளே என்று காட்டின. 2006இல் ஃப்ராஸ்ட் குழுவினர் அவற்றை ஒரே குடும்பமாக்கினர். பின்னர் அவை மீண்டும் இரண்டாகப் பிரிக்கப்பட்டன. இந்த இறுதி மாற்றத்தில் உறவைப் பற்றிய கருத்து மாறவே இல்லை என்பதைக் கூர்ந்து நோக்க வேண்டும். உடன்பிறந்த கிளைகள் என்பதை ஏற்றுக்கொண்டே ஒருவர் ஒன்றென்கிறார், மற்றவர் இரண்டென்கிறார். ஆகவே கிளை இயற்கையில் உள்ளது. எந்தக் கணுவில் ‘குடும்பம்’ என்ற பலகையை மாட்டுவது என்பது மனிதர் செய்துகொள்ளும் ஏற்பாடு.

இந்த வேறுபாட்டைத் தெளிவாக்க நியாய வைசேடிகம் என்னும் இந்திய மெய்யியல் மரபு பெரிதும் உதவுகிறது. மணிமேகலையில் வைசேடிகவாதி எடுத்துரைக்கும் ஆறு பதார்த்தங்களுள் சாமானியம், அதாவது பல பொருள்களில் ஒன்றாய் நிற்கும் பொதுமை, ஒன்று. எனினும் நாம் பொதுப்பெயர் இட்டு அழைக்கும் எல்லாமே சாமானியம் ஆகிவிடுவதில்லை. 10ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த நியாய அறிஞர் உதயனர் அதற்கு ஆறு தடைகளை வகுத்தார். அவற்றுள் ‘சங்கரம்’ என்னும் கலப்புத் தடை குறிப்பிடத்தக்கது: இரு பொதுமைகள் ஒன்றுக்குள் ஒன்று அடங்காமல் குறுக்காக வெட்டிக்கொண்டால் அவை உண்மைப் பொதுமைகள் ஆகா. ஆகாயம் பூதம், ஆனால் வரையறுத்த வடிவற்றது. மனம் வரையறுத்த வடிவுடையது, ஆனால் பூதமன்று. மண் இரண்டுமாக இருக்கிறது. எனவே பூதமாயிருத்தலும் வடிவுடைமையும் உண்மைப் பொதுமைகள் அல்ல என்பது முடிவு. தலைப்பிரட்டை இன்றி வளர்தலை இதே அளவுகோலால் அளந்து பார்க்கலாம். அப்பண்பு லயோபெல்மா ஆர்ச்சியில் உண்டு, உடன்பிறந்த கிளையாகிய அஸ்காபஸில் இல்லை. ஆனால் எவ்வகையிலும் நெருங்கிய உறவில்லாத மேற்குத் தொடர்ச்சி மலையின் புதர்த்தவளைகளில் உண்டு. குறுக்கே வெட்டும் அப்பண்பைக்கொண்டு குடும்பம் அமைக்க இயலாது; ஒன்றுக்குள் ஒன்றாய் அடங்கி நிற்பது மரபுவழி மட்டுமே.

ஆயினும் நியாயத்தின் விடையை முழுமையாக ஏற்க முடியாது. அதன் சாமானியம் என்றும் அழியாதது. பசுக்கள் அனைத்தும் அழிந்தாலும் பசுத்தன்மை நிற்கும். தவளைக் குடும்பத்துக்கோ தொடக்கம் உண்டு, முடிவும் உண்டு. லயோபெல்மாவின் மூன்று இனங்கள் எலும்புகளாக மட்டுமே கிடைத்து 1987இல் பெயரிடப்பட்டன; அவற்றின் தன்மை வேறெங்கும் நிலைத்திருக்கவில்லை. இனமும் குடும்பமும் பல பொருள்களில் நிற்கும் பொதுமைகள் அல்ல, காலத்தில் பிறந்து நீண்டு முடியும் தனிப்பொருள்களே என்று 1974இல் மைக்கேல் கிசெலின் முன்வைத்த கருத்து இதனாலேயே வலிமை பெறுகிறது. இத்தவளைகளைப் பெபெகெட்டுவா என்றழைக்கும் மாவோரி மக்கள், வானத்தந்தை ரங்கினுயி, நிலத்தாய் பாப்பாடுவானுகு ஆகியோரிடமிருந்து எல்லா உயிர்களையும் வம்சவழியில் இணைக்கும் ‘ஃபகபாபா’ என்ற முறையால் உலகை வகைப்படுத்தினர். மனிதரும் தவளையும் அதில் உறவினர். பொதுமையைப் பண்பில் தேடாமல் பிறப்பில் தேடிய அந்த முறை, இன்றைய வகைப்பாட்டின் அடிப்படைக்கு ஏணிக்கொள்கையைவிட மிக அருகில் நிற்கிறது.

பெயரைப் பற்றிய விவாதம் ஏட்டோடு முடிவதுமில்லை. நியூசிலாந்தின் மோட் தீவுத் தவளையை 1998இல் லயோபெல்மா பகேகா என்று தனி இனமாகப் பிரித்தனர். ஸ்டீவன்ஸ் தீவின் லயோபெல்மா ஹாமில்டனியிலிருந்து அது மிகச் சிறிதே வேறுபடுகிறது என்று 2001இல் மரபணு ஆய்வொன்று காட்டியபின், இரண்டையும் ஒன்றாகக் கொள்வது வழக்காயிற்று. பெயர் நீங்கியதால் ஸ்டீவன்ஸ் தீவில் ஏறத்தாழ 600 சதுர மீட்டர் கற்குவியலுக்குள் ஒடுங்கியிருந்த அந்தத் தவளைக்கூட்டத்தின் அருமை குறைந்துவிடவில்லை. நெருங்கிய உறவில்லாத தொல்கிளைகளைக் காப்பதற்கு முன்னுரிமை அளிக்கும் ‘எட்ஜ்’ பட்டியலில், உலகின் நீர்நில வாழ்விகள் அனைத்துக்கும் முதலாவதாக லயோபெல்மா ஆர்ச்சியே வைக்கப்பட்டிருக்கிறது.