சொல்லாத குறை

விலை பேசுவது பாவமா என்று யாராவது என்னைக் கேட்டால், இல்லை என்றுதான் சொல்வேன். விற்கிறவன் கூட்டிக் கேட்பதும் வாங்குகிறவன் குறைத்துக் கேட்பதும் உலக வழக்கம். கத்தரிக்காய்க்குச் செய்வதையே காருக்கும் செய்கிறோம். இது விளையாட்டு என்று இருவருக்கும் தெரியும், தெரிந்தே ஆடுகிறார்கள். ஆனால் அந்தப் பேச்சுக்கு நடுவே பேசாமல் விட்டுவிடுகிற விஷயம் ஒன்று இருக்கிறதே, அதைப் பற்றித்தான் எனக்குச் சந்தேகம். பொய் சொல்வது தப்பு என்று குழந்தைக்கும் தெரியும். வாயை மூடிக்கொண்டு சும்மா இருப்பது தப்பா?

இந்தக் கேள்வி எனக்குப் புத்தகத்திலிருந்து வரவில்லை. திருப்புலிவனத்தில் எங்கள் வீட்டுத் திண்ணையில், என் பழைய காரை விற்க உட்கார்ந்தபோது வந்தது.

உத்திரமேரூரிலிருந்து காஞ்சீபுரம் போகிற சாலையில், ஊரை விட்டுக் கொஞ்ச தூரம் வந்தால் எங்கள் திருப்புலிவனம். வியாக்கிரபுரீசுவரர் கோயிலும் நெல் வயல்களுமாக இருக்கிற ஊர். அங்கே, வைக்கோல் போருக்குப் பக்கத்தில், தார்ப்பாய் போர்த்தி நின்றுகொண்டிருந்தது என் கார். ஸ்டாண்டர்டு ஹெரால்ட், சிவப்பு நிறம், இரண்டே கதவு. டிரையம்ப் ஹெரால்ட் என்று இங்கிலாந்தில் பிறந்து, பிறகு சென்னையில் ஸ்டாண்டர்டு கம்பெனியாரால் செய்யப்பட்ட வண்டி. அதன் உருவத்தை வரைந்தவர் மிச்சலோட்டி என்ற இத்தாலியர். முன்பக்கம் முழுவதையும் ஒரு பெட்டி மூடியைப் போலத் தூக்கிச் சாய்த்துவிடலாம். இருபத்தைந்து அடி இடம் இருந்தால் வட்டமடித்துத் திரும்பிவிடும். இரண்டாம் உலக யுத்தத்தில் விமானம் இறங்கிய சோழவரம் ஓடுபாதையில் பிற்காலத்தில் கார்ப் பந்தயம் நடந்ததல்லவா? அங்கே ஹெரால்டுகளும் ஓடியிருக்கின்றன. அந்த வண்டியைப் பார்த்தவுடனேயே வேகத்தின் நினைவு வருவதற்கு அதுவும் ஒரு காரணம்.

எட்டு வருஷங்களுக்கு முன் ஒரு கனவானிடமிருந்து அதை வாங்கினேன். காப்பி கொடுத்து, கதை பேசி, சாவியைக் கையில் வைத்தார். மூன்றாவது மாதம் பட்டறையில் வண்டியைத் தூக்கிப் பார்த்தபோதுதான் சங்கதி தெரிந்தது. இந்தக் காலத்துக் கார்களில் உடம்பும் எலும்பும் ஒன்று. ஹெரால்டில் எலும்பு தனி, உடம்பு தனி. அந்த எலும்பை, அதாவது சேஸிஸை, பின்சக்கரத்துக்கு முன்னால் துரு தின்று விரிசல் விட்டிருந்தது. விரிசலின் மேல் கறுப்புப் பெயின்ட் தடவியிருந்தது. பெயின்ட் தானாக விரிசலைத் தேடிக்கொண்டு போகாது. என்னிடம் அப்போது பணமில்லை. தகடு வைத்து ஒரு வெல்டு அடித்து, மறுபடி கறுப்புப் பெயின்டைத் தடவச் சொன்னேன். கடைசியில் நானும் அவர் செய்ததையே செய்தேன்.

இப்போது அதை விற்க வேண்டிய நிலை. மகளின் கல்லூரிக் கட்டணம் எதிரே நின்றது. வாங்க வந்தவன் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஒரு கார்த் தொழிற்சாலையில் வேலை பார்க்கிற பையன். இருங்காட்டுக்கோட்டையில் பந்தயம் பார்த்துப் பார்த்து ஆசை வளர்த்தவன். வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தான். முன்பக்கத்தைத் தூக்கினான், இறக்கினான், மறுபடி தூக்கினான். காதலிக்கிறவன் எலும்பையா பார்ப்பான்?

"கல்யாணத்துக்கு இந்த வண்டியிலதாண்ணா வரப்போறேன்" என்றான்.

உடன் வந்த அவன் தகப்பனார் விவசாயி. தோளில் துண்டு. வண்டியைத் தொடக்கூட இல்லை. திண்ணையில் என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"மாடுன்னா பல்லைப் புடிச்சிப் பாப்பேன், சுழி பாப்பேன், நாலடி நடக்க வுட்டுப் பாப்பேன். இதுக்குப் பல்லு எங்க கீதுன்னு எனக்குத் தெரியாது தம்பி. நீங்க நம்ம ஊரு ஆளு. நீங்களே ஒரு வெல சொல்லுங்க" என்றார்.

ஒரு லட்சத்து எழுபத்தைந்தாயிரம் என்றேன். அவர் பேரம் பேசவில்லை. இடுப்பிலிருந்து பத்தாயிரம் ரூபாய் எடுத்து முன்பணமாகக் கொடுத்துவிட்டு எழுந்து போனார்.

நான் ஒரு பொய்யும் சொல்லவில்லை. ஆயினும் அன்றிரவு தூக்கம் வரவில்லை.

சட்டம் என் பக்கம்தான் இருந்தது. 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் 17-ஆவது பிரிவில் மோசடி என்றால் என்ன என்று சொல்லிவிட்டு, சும்மா இருப்பது மட்டும் மோசடியாகாது என்கிறது. உதாரணமும் தருகிறது. ஒருவன் தன் குதிரையை ஏலத்தில் விற்கிறான், அதற்கு உடம்பு சரியில்லை என்று அவனுக்குத் தெரியும், சொல்லவில்லை. மோசடி அல்ல. குதிரைக்கே இப்படியென்றால் ஹெரால்டுக்கு என்ன?

ஆனால் அந்தச் சட்டம் அதோடு நிற்கவில்லை. வாங்குகிறவள் விற்கிறவனுடைய மகளாக இருந்து, அப்போதுதான் மேஜரானவளாகவும் இருந்தால்? அப்போது அந்த உறவே குறையைச் சொல்லும் கடமையை உண்டாக்குகிறது என்கிறது. இந்த இரண்டாவது உதாரணம்தான் என்னைத் தூங்கவிடவில்லை. நம் ஊரில் யார் யாருக்கு அந்நியன்? காய்கறிக்காரி என்னைத் தம்பி என்கிறாள். பஸ் கண்டக்டரை நான் அண்ணே என்கிறேன். இதெல்லாம் வாய்ப் பழக்கம் என்று ஒதுக்கிவிடலாம். ஆனால் அந்தப் பெரியவர் என்னைத் தம்பி என்றது பழக்கத்தினால் அல்ல. எனக்குத் தெரியாது, உனக்குத் தெரியும், உன் கண்ணைக் கொண்டு எனக்குப் பார்த்துச் சொல் என்ற பொருளில். அதை ஏற்றுக்கொண்டுதானே நான் விலை சொன்னேன்? உறவை வாங்கிக்கொண்டு, ஏலத்தில் நிற்கிற அந்நியனுக்கு உள்ள சௌகரியத்தையும் எப்படி வைத்துக்கொள்வது?

பழைய ரோமாபுரியிலும் இந்தச் சண்டை இருந்திருக்கிறது. சிசரோ, கடமைகளைப் பற்றி எழுதிய நூலில் ஒரு வியாபாரியின் கதையைச் சொல்கிறார். ரோட்ஸ் தீவில் பஞ்சம். அலெக்சாந்திரியாவிலிருந்து ஒருவன் தானியக் கப்பலோடு வந்து சேர்கிறான். பின்னால் இன்னும் பல கப்பல்கள் வருகின்றன என்பது அவனுக்குத் தெரியும், ஊராருக்குத் தெரியாது. சொன்னால் விலை விழும். சொல்ல வேண்டுமா? வேண்டியதில்லை, சட்டம் கேட்பதைச் சொன்னால் போதும் என்றார் ஒரு தத்துவவாதி. சொல்லத்தான் வேண்டும், மனிதருக்குள் ஒரு பந்தம் இருக்கிறது என்றார் இன்னொருவர். சிசரோ இரண்டாமவர் கட்சி. வாங்குகிறவருக்கும் அவர் ஓர் உதாரணம் வைத்திருக்கிறார். ஸ்கேவோலா என்பவர் ஒரு நிலத்தை வாங்கப் போய், ஒரே விலையாகச் சொல்லச் சொன்னாராம். சொன்னார்கள். நிலம் அதற்கு மேல் பெறும் என்று கூறி, கேட்டதற்கு மேல் ஒரு லட்சம் காசு சேர்த்துக் கொடுத்தாராம். நம் பட்டினப்பாலையிலும் காவிரிப்பூம்பட்டினத்து வணிகர்கள் கொள்ளும்போது மிகுதியாகக் கொள்ளாதவர்கள், கொடுக்கும்போது குறைத்துக் கொடுக்காதவர்கள் என்று புகழப்படுகிறார்கள்.

இதெல்லாம் பெரிய மனிதர்களின் தர்மம், நமக்கு ஏன் என்று தோன்றுகிறதா? எனக்கும் தோன்றியது. ஆனால் கணக்குப் பார்த்தாலும் மௌனத்தில் லாபமில்லை என்று காட்டியிருக்கிறார் ஒரு பொருளாதார நிபுணர். ஜார்ஜ் அக்கர்லாஃப் என்ற அமெரிக்கர் 1970-இல் பழைய கார்ச் சந்தையை வைத்தே ஒரு கட்டுரை எழுதினார். அந்த ஊரில் கோளாறான காருக்கு 'எலுமிச்சை' என்று பெயர். விற்கிறவனுக்கு வண்டியின் குறை தெரியும், வாங்குகிறவனுக்குத் தெரியாது. எனவே வாங்குகிறவன் எல்லா வண்டியையும் சந்தேகித்து, எல்லாவற்றுக்கும் நடுத்தர விலைதான் கொடுப்பான். நல்ல வண்டி வைத்திருப்பவனுக்கு அந்த விலை கட்டாது. சந்தையை விட்டுப் போய்விடுவான். மிஞ்சுவது கோளாறான வண்டிகள்; விலை இன்னும் விழும். அந்தக் கட்டுரை உள்ளிட்ட ஆராய்ச்சிக்காக 2001-இல் அவருக்கு, வேறு இருவரோடு சேர்த்து, நோபல் பரிசு கிடைத்தது. என்னிடம் விற்ற கனவானின் மௌனம் எனக்கு மட்டுமா நஷ்டம்? அவருக்குப் பிறகு எனக்குக் கார் விற்க வந்த ஒவ்வொரு யோக்கியனையும் நான் சந்தேகித்தேன். இப்போது நான் சும்மா இருந்தால் அந்தப் பையனும் அப்படியே ஆவான். துரு சேஸிஸோடு நிற்காது.

அப்படியானால் எல்லாக் குறையையும் ஒப்பிக்க வேண்டுமா? மழையில் கண்ணாடி ஓரம் ஒழுகும், வெயிலில் எஞ்சின் சூடேறும் என்றெல்லாமா? பழைய கார் என்றாலே அதுவெல்லாம் உண்டு என்று வாங்குகிறவனுக்குத் தெரியும். எனக்குத் தோன்றியது இதுதான்: அவனால் பார்க்க முடியாதது, தெரிந்திருந்தால் விலையை மாற்றியிருப்பான் என்று நான் அறிந்தது - இந்த இரண்டும் சேர்ந்த குறையை மறைக்கக் கூடாது. உயிருக்கு ஆபத்தான குறையானால் விலைப் பேச்சுக்கே இடமில்லை. முதலில் அதைத்தான் சொல்ல வேண்டும்.

காலையில் பத்தாயிரத்தை எடுத்துக்கொண்டு அவர்கள் வீட்டுக்கு நடந்தேன். விரிசலைச் சொன்னேன். வெல்டைச் சொன்னேன். பெயின்டையும் சொன்னேன். பையன் முகம் சுருங்கிவிட்டது. பெரியவர் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.

"நேத்தே ஏன் சொல்லல?" என்று கேட்டார்.

"பணம் தேவையா இருந்துதுங்க, ஐயா" என்றேன். வேறு பதில் என்னிடம் இல்லை.

"எனக்குங்கூடத் தேவையாத்தான் கீது" என்றார்.

அந்த வார்த்தைக்கு நான் இன்னும் பதில் தேடிக்கொண்டிருக்கிறேன்.

அன்று வண்டியை உத்திரமேரூர்ப் பட்டறைக்குக் கொண்டுபோனோம். தூக்கி நிறுத்தி, மூன்று பேரும் குனிந்து பார்த்தோம். அந்தப் பகுதியை வெட்டி எடுத்துப் புது இரும்பு வைக்க நாற்பதாயிரம் ஆகும் என்றார் மேஸ்திரி. அதை முடிக்காமல் ஓட்டுவதில்லை என்று பையனிடம் வாக்கு வாங்கிக்கொண்டேன்.

அப்புறம்தான் உண்மையான விலைப் பேச்சு ஆரம்பமாயிற்று. நேற்று வாய் திறக்காத பெரியவர் இன்று சிங்கம் மாதிரிப் பேசினார். நாற்பதையும் நானே தாங்க வேண்டும் என்றார். பாதி என்றேன். டயரைக் காட்டினார். எஞ்சினைக் கேட்டுப் பார்க்கச் சொன்னேன். கடைசியில் சிரித்துக்கொண்டே தோளிலிருந்த துண்டை எடுத்து என் கையின் மேல் போட்டு, மாட்டுச் சந்தையில் செய்கிற மாதிரி உள்ளே என் விரல்களைப் பிடித்தார். நான் ஒரு விரலை மடக்கினேன். அவர் மறுபடி நீட்டினார்.

நியாயமான விலை எது என்று இப்போதும் எனக்கு ஓர் எண்ணாகச் சொல்லத் தெரியாது. அப்படி ஓர் எண் இருக்கிறது என்று நான் நம்பவும் இல்லை. இரண்டு பேரும் ஒரே வண்டியைப் பார்த்துக்கொண்டு பேசினால் வருகிற எந்த விலையும் ஏறக்குறைய நியாயந்தான். முதல் நாள் அவர் ஒரு வண்டியை வாங்கிக்கொண்டிருந்தார்; நான் வேறொரு வண்டியை விற்றுக்கொண்டிருந்தேன்.

மகளின் கட்டணத்துக்குக் குறைந்த பணத்தைக் கடன் வாங்கினேன். அதை இன்னும் அடைத்துக்கொண்டிருக்கிறேன். விலை எவ்வளவில் முடிந்தது என்று நீங்கள் கேட்கக் கூடாது. துண்டுக்கு அடியில் முடிந்த விலையை வெளியில் சொல்வது வழக்கமில்லை. விலையை மறைக்கத்தான் துண்டு. குறையை மறைக்க அல்ல.