கண்டவர் கடன்

துன்பம் நிகழ்ந்த ஓரிடத்திற்கு இன்பம் நாடிச் செல்வது முறையாகுமா? முதற்பார்வைக்கு இது வீண் வினாவாகத் தோன்றலாம். குருதி சிந்தாத மண் உலகில் எங்கே உள்ளது? கோட்டைகளையும் கோபுரங்களையும் காணச் செல்வோர், அவற்றிற்குக் கல் சுமந்தோரை எண்ணி அழுதுகொண்டா செல்கின்றனர்? ஆயினும் இவ்வினா இன்று நம் வீட்டு வாயிலுக்கே வந்துவிட்டது. ஒரு காலத்தில் வேளாங்கண்ணிக்கும் பூண்டிக்கும் மட்டுமே மூட்டை கட்டிய நம் இறைமக்களுள் பலர், இன்று விடுமுறை கிடைத்தால் விமானமேறிப் பாங்காக் நகருக்குச் சென்று வருகின்றனர். சென்று வரட்டும், அதில் குறைகாண நாம் முனையவில்லை. சென்றவர் எதைக் காண்கிறார், எதைக் காணாமல் விடுகிறார் என்பதே நம் சிந்தனைக்குரியது.

பாங்காக்கில் தங்கியிருப்போர் ஒரே நாளில் சென்று மீளத்தக்க இடங்கள் பல. வடக்கே சுமார் 80 கிலோமீட்டர் தொலைவில் அயுத்தயா உள்ளது. 1351 முதல் 1767 வரை சயாமின் தலைநகராய் விளங்கி, பர்மியர் படையெடுப்பில் எரிந்து அழிந்த நகரம் அது. மேற்கே நக்கோன் பத்தோம் நகரில் ஏறத்தாழ 120 மீட்டர் உயரமுள்ள பௌத்தத் தூபி ஓங்கி நிற்கிறது. அதற்கும் அப்பால், குவாய் ஆற்றங்கரையில் காஞ்சனபுரி. இவற்றைக் காணப் பெரும்பணம் தேவையில்லை. சுற்றுலா நிறுவனத்தாரின் குளிரூட்டிய வண்டியும், கொடி பிடித்து முன்னே நடக்கும் வழிகாட்டியும் இல்லாமலே, மூன்றாம் வகுப்பு இரயிலில் திறந்த சன்னலோரம் அமர்ந்து, உள்ளூர் மக்களோடு மக்களாய்ச் சென்று வரலாம்.

இத்தகைய எளிய பயணத்தில் ஒரு நன்மை உண்டு. ஒரு பொறுப்பும் உண்டு. வழிகாட்டி உடன் வரும்போது, எங்கே நிற்பது, எதைப் பார்ப்பது, எத்தனை நிமிடம் பார்ப்பது என்பவற்றை அவரே முடிவு செய்கிறார். ஒன்றைக் காணாமல் விட்டால், 'அவர் காட்டவில்லை' என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். தன் விருப்பம்போல் செல்பவருக்கு அந்தச் சாக்கு இல்லை. எங்கே நின்றார், எதைக் கண்டும் காணாததுபோல் கடந்தார் என்பது அவருடைய கணக்கிலேயே எழுதப்படும். சுதந்திரம் பெருகுமிடத்தில் பொறுப்பும் பெருகும் என்பது அறநெறி இறையியலின் பாலபாடம். இதனை விளக்கக் காஞ்சனபுரிப் பயணத்தைவிடத் தகுந்த சான்று வேறில்லை.

காலை எட்டு மணிக்குச் சற்று முன்பாகப் பாங்காக்கின் தொன்புரி நிலையத்திலிருந்து ஓர் இரயில் புறப்படுகிறது. வெளிநாட்டவர்க்குக் கட்டணம் 100 பாத். ஏறத்தாழ மூன்று மணி நேரத்தில் காஞ்சனபுரியை அடைகிறது. பின்னர் புகழ்பெற்ற இரும்புப் பாலத்தைக் கடந்து, ஆற்றோரப் பாறையை ஒட்டி மரத்தூண்கள்மீது அமைந்த வாம்போ பாலத்தில் மெல்ல ஊர்ந்து, நண்பகல் கடந்து நாம்தோக் என்னும் கடைசி நிலையத்தில் நிற்கிறது. அங்கிருந்து மாலைக்குள் பாங்காக் திரும்பிவிடலாம். வாம்போவில் வண்டி ஊரும்போது பயணிகள் சன்னல்களில் சாய்ந்து படம் எடுக்கின்றனர். ஒருபுறம் செங்குத்துப் பாறை. மறுபுறம் தாழ்வில் பசுமை சூழ்ந்த ஆறு. அழகான காட்சிதான், ஐயமில்லை.

அந்தப் பாதை எவ்வாறு வந்தது? சயாமையும் பர்மாவையும் இணைக்க 415 கிலோமீட்டர் நீளத்திற்கு ஜப்பானிய இராணுவம் 1942-இல் தொடங்கி 1943 அக்டோபரில் முடித்த பாதை அது. பிரித்தானியர், ஆஸ்திரேலியர், டச்சுக்காரர் முதலிய போர்க்கைதிகள் 60,000-க்கும் மேற்பட்டோர் அதில் வேலை வாங்கப்பட்டனர். 12,000-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். இது உலகறிந்த செய்தி. அவர்களைவிடப் பன்மடங்கு மிகுதியாக, இரண்டு இலட்சம் அளவில், ஆசியத் தொழிலாளரும் அங்கே உழைத்தனர் என்பது பலர் அறியாத செய்தி. பர்மியர், மலாய்க்காரர், சாவகத்தார், சீனர், வியட்நாமியர் ஆகியோரோடு தமிழரும் அவர்களுள் இருந்தனர். மலாயாவிலிருந்து கொண்டு செல்லப்பட்ட பல்லாயிரவருள் பெரும்பாலோர் ரப்பர் தோட்டத் தமிழரே. நல்ல கூலி கிடைக்கும், சில மாதங்களில் வீடு திரும்பலாம் என்ற சொல்லை நம்பிச் சென்றோர் உண்டு. பிடித்துச் செல்லப்பட்டோரும் உண்டு. மனைவி மக்களோடு சென்றோரும் உண்டு. சரக்குப் பெட்டிகளில் அடைபட்டு அவர்கள் வந்து சேர்ந்தனர். 1943-இன் மழைக்காலத்தில் காலரா பரவியபோது, போர்க்கைதிகளிடம் அவர்களுடைய படை மருத்துவர்களேனும் இருந்தனர். தோட்டத்து மக்களிடம் அதுவும் இல்லை. மாண்ட ஆசியத் தொழிலாளர் 90,000 அளவினர் எனக் கணிப்பர். அதனினும் மிகுதி என்போரும் உளர். 'சயாம் மரண ரயில்' என்று மலாயாத் தமிழர் அதற்குப் பெயரிட்டனர்.

காஞ்சனபுரி நிலையத்திலிருந்து நடந்து செல்லும் தொலைவில் போர்க் கல்லறைத் தோட்டம் உள்ளது. 6,982 பேர் அங்கே துயில்கின்றனர். புல் செம்மையாக வெட்டப்பட்டு, பூச்செடிகள் பேணப்பட்டு, வரிசை பிறழாமல் அமைந்த கல்லறைகள். பெயர், வயது, படைப்பிரிவு ஆகியவற்றோடு, பல கல்லறைகளில் பெற்றோரோ மனைவியோ எழுதிக் கொடுத்த ஓரிரு சொற்களும் உள்ளன. அருகிலேயே அன்னை மரியாவை உலகின் அரசியெனப் போற்றும் நம் ஆலயமும் உண்டு. ஆசியத் தொழிலாளர்க்கு இத்தகைய தோட்டம் இல்லை. கைதிகளின் அதிகாரிகள் இடுக்கண் நடுவிலும் இறந்தோரின் பெயர்களைக் குறித்து வைத்தனர்; தொழிலாளரின் பெயர்களைக் குறிக்க ஆளில்லை. 1990-இல் காஞ்சனபுரியில் நூற்றுக்கணக்கானோரின் எலும்புகள் மண்ணிலிருந்து வெளிப்பட்டபோது, இது இன்னார் என்று சொல்ல ஓர் ஏடும் இல்லை. பாலத்தருகே 1944-இல் ஜப்பானிய இராணுவமே எழுப்பிய நினைவுச் சின்னத்தில், பல மொழிக் கல்வெட்டுகளினிடையே தமிழும் பொறிக்கப்பட்டுள்ளது. வேலை வாங்கியவரே பொறித்த இரங்கல் அது. தமிழரின் முயற்சியால் அவ்வூர்ப் பௌத்தக் கோயில் வளாகம் ஒன்றில் நடுகல் நாட்டப்பட்டது 2023-இல்தான். போரில் வீழ்ந்த வீரனுக்கு நடுகல் எடுப்பது சங்ககாலத் தமிழ் மரபு. கூலியாளுக்கு நடுகல் எடுக்க எண்பது ஆண்டுகள் ஆயின.

அந்தக் கல்லறைத் தோட்டத்தைக் கண்டு நாம் பொறாமை கொள்ள வேண்டியதில்லை. தம் மக்களுக்குச் செய்ய வேண்டியதை அவர்கள் செய்தனர், செய்தது நன்று. அங்கே துயில்வோரும் சொல்லொணாத் துயருற்று மாண்டவர்களே. ஆனால் பயணிகளை அவ்வூருக்கு ஈர்ப்பது அத்தோட்டம்கூட அன்று. 1957-இல் வெளிவந்த ஒரு திரைப்படம். அப்படம் எடுக்கப்பட்டதோ இலங்கையில். பாலம் அமைந்திருந்த ஆற்றின் பெயர் முன்பு மே குலோங். படத்தில் கேட்ட குவாய் ஆற்றைத் தேடிப் பயணிகள் வந்தமையால், 1960 அளவில் அப்பகுதிக்குக் குவாய் யாய் என்று பெயர் சூட்டப்பட்டது. ஒரு கதைக்காக ஆறே பெயர் மாற்றிக்கொண்டது. அதன் கரையில் மாண்ட கூலியாட்களின் பெயர்களோ இன்னும் கிட்டவில்லை. ஆண்டுதோறும் நவம்பர் இறுதியையொட்டி அப்பாலத்தில் ஒலி ஒளி விழா நடைபெறுகிறது. அன்று விழுந்த குண்டுகள் வாணவேடிக்கையாய் மீண்டும் வெடிக்கின்றன. நவம்பர் நம் திருச்சபைக்கு மரித்தோரை நினைக்கும் மாதம் என்பதை இங்கே நினைவுகூர்தல் தகும்.

எனவே, நம் முதல் வினாவுக்கு மீள்வோம். இத்தகைய இடத்திற்கு வேடிக்கை பார்க்கச் செல்லலாமா? புனித அகுஸ்தினார் தம் 'அறிக்கைகள்' நூலின் பத்தாம் பகுதியில் கண்களின் இச்சையைப் பற்றிப் பேசுகிறார். சிதைந்த பிணத்தைக் காண்பதில் இன்பம் ஏதுமில்லை. ஆயினும் அப்படியொன்று கிடப்பதாகக் கேட்டால் மக்கள் ஓடிச் சென்று பார்க்கின்றனரே என்று அவர் வியக்கிறார். புனித தாமஸ் அக்குவினாஸ் இதனை மேலும் பகுத்து, முறையான அறிவு நாட்டம் வேறு, வீண் ஆவல் வேறு என்கிறார். பிறர் நிலையை உற்று நோக்குவது இகழ்வதற்காயின் தீது. அவருக்கு உதவவோ தன்னைத் திருத்திக்கொள்ளவோ எனின் நன்று என்பது அவர் காட்டும் நெறி. ஆகவே, காண்பது குற்றமன்று. கண்டது கண்ணோடு முடிந்துவிடுவதே குற்றம்.

இதற்கு மறுப்புரைகள் எழலாம். 'விடுமுறையில் வந்தவன் சிரிக்கக்கூடாதா?' என்பார் சிலர். சிரிக்கலாம். அதே தண்டவாளத்தின்மேல் இன்று பள்ளிப் பிள்ளைகள் செல்கின்றனர். சந்தைக்குப் போகும் பெண்கள் கூடைகளோடு ஏறுகின்றனர். சாவுக்கென இடப்பட்ட பாதை வாழ்வுக்கு உதவுவது இறைவனின் இரக்கம் அல்லவா? அவர்களிடம் உணவு வாங்கி உண்டு, அவர்களோடு மகிழ்ந்து செல்வதில் தவறில்லை. முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வது இறந்தோர்க்கு மரியாதை ஆகாது.

'நாம் போய் நிற்பதால் இறந்தோர்க்கு என்ன பயன்?' என்பார் வேறு சிலர். அகுஸ்தினாரே இதற்கும் விடை பகர்கிறார். மரித்தோர்பால் காட்டும் கரிசனை குறித்து நோலா நகர்ப் பவுலினுக்கு எழுதிய நூலில், அடக்கச் சிறப்புகள் இறந்தோர்க்கு உதவுவதைவிட உயிரோடிருப்போர்க்கே ஆறுதல் தருவன என ஒப்புக்கொள்கிறார். ஆயினும் இறந்தோரின் உடலை இகழ்ந்து எறிதல் ஆகாது என்றும், அவர்களுக்கு உண்மையில் உதவுவன மன்றாட்டும் பலியும் ஈகையுமே என்றும் தெளிவுறுத்துகிறார். 'பெயர்களைக் கடவுள் அறிவார். நாம் ஏன் கவலைப்பட வேண்டும்?' என்பது மூன்றாம் மறுப்பு. பக்திபோல் ஒலிக்கும் சோம்பல் இது. வானத்துப் பறவைகளுக்குக் கடவுள் உணவளிக்கிறார் என்பதற்காகப் பசித்தவனைக் கடவுளிடமே அனுப்பிவிட நமக்கு உரிமையில்லை. அவ்வாறே, தம் உள்ளங்கையில் நம்மைப் பொறித்து வைத்துள்ள இறைவனின் நினைவு, நம் மறதிக்கு மன்னிப்புச் சீட்டு ஆகாது.

மரித்தோரை அடக்கம் செய்தல் இரக்கச் செயல்களுள் ஒன்று என மறைக்கல்வியில் நாம் கற்றோம். அதற்கு விவிலியம் காட்டும் முன்மாதிரி தோபித்து. நாடு கடத்தப்பட்ட இடத்தில், கொல்லப்பட்டுக் கிடந்த தம் இனத்தாரை, அரசனின் சினத்திற்கும் அஞ்சாது எடுத்துப் புதைத்தவர் அவர். விருந்துக்கு அமர்ந்தவர், உணவைத் தொடாமலே எழுந்து சென்றார். காஞ்சனபுரிக்குச் செல்லும் தமிழர் ஒருவர் தம் இனத்தாரைத் தேடுவது இவ்வழியில் முறையே. ஆனால் கிறிஸ்தவர் அங்கேயே நின்றுவிடலாகாது. எரிகோ செல்லும் பாதையில் மூவர் தனித்தனியே பயணம் செய்தனர். மூவருக்கும் வழிகாட்டி இல்லை. மூவரும் அடிபட்டவனைக் கண்டனர் என்றே லூக்கா எழுதுகிறார். கண்டதில் வேறுபாடில்லை, கண்டபின் செய்ததில்தான் வேறுபாடு. நின்றவரோ அடிபட்டவனின் இனத்தார் அல்லர், அயலாராகிய சமாரியர். தமிழரை மட்டும் நினைத்துவிட்டு, அதே குழியில் கிடக்கும் பர்மியரையும் சாவகத்தாரையும் மறப்போமாயின், நாமும் ஒரு பட்டியலை எழுதி மற்றொன்றை விட்டவர்களே ஆவோம்.

நக்கோன் பத்தோமுக்கு இப்பால் சாம்பிரான் என்னும் ஊர் உள்ளது. தாய்லாந்துக் குருவான அருளாளர் நிக்கோலாஸ் புன்கெர்ட் கித்பம்ருங் அவ்வூர்ப் பங்கைச் சேர்ந்தவர். பிரான்சுக்கு உளவு பார்த்தார் என்ற பொய்க் குற்றச்சாட்டில் 1941-இல் கைதாகி, 1944 சனவரி 12-ஆம் நாள் சிறையிலேயே நோயுற்று இறந்தார். அவருடைய உடலைத் திருச்சபை பின்னர் எடுத்துப் பாங்காக் பேராலயத்தில் வைத்தது. 2000-ஆம் ஆண்டில் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் அவரை அருளாளர் என அறிவித்தார். அவர் சிறையில் வாடிய அதே நாள்களில்தான், மேற்கே மலைகளுக்கிடையில் தோட்டத் தொழிலாளர் மடிந்தனர். ஒருவருடைய நினைவைத் திருச்சபை காத்தது. மற்றவர்களுடையதைக் காக்கும் பணி எஞ்சியுள்ளது.

அப்பணி பெரிதாக இருக்க வேண்டுவதில்லை. பாலத்தில் படம் எடுப்பதற்கு முன், தமிழ் எழுத்துள்ள அந்த நினைவுச் சின்னத்தின் முன் ஒருகணம் நிற்கலாம். நடுகல் இருக்கும் பௌத்தக் கோயிலுக்குச் சென்று, அவ்விடத்து ஒழுங்கை மதித்துச் செபிக்கலாம். அருகிலுள்ள நம் ஆலயத்தில் ஒரு மெழுகுதிரி ஏற்றலாம். திரும்பி வந்தபின், கண்டதைப் பிள்ளைகளுக்குச் சொல்லலாம். பயணத்தில் மிச்சம்பிடித்த பணத்தில் ஒரு பகுதியை நம் ஊரில் இன்று கூலிக்கு அலையும் ஏழைக்குக் கொடுக்கலாம். அகுஸ்தினார் சொன்ன ஈகை அதுவே. நவம்பர் மாதத்தில் நம் பங்குகளில் இறந்தோரின் பெயர்களை எழுதித் திருப்பலிக்குக் கொடுக்கின்றோம். அத்தாளின் கடைசியில், 'சயாம் இரயில் பாதையில் இறந்த, பெயர் அறியப்படாத அனைவருக்காகவும்' என்று ஒரு வரி சேர்க்க எவருக்கும் செலவில்லை. காஞ்சனபுரிக்குப் போய் வந்தவர் ஒருவர் அவ்வரியை எழுதட்டும். போகாத நாம் அதற்கு 'ஆமென்' சொல்வோம்.